வலப்பக்கத்துச் சக்கரம்

நம் மன்றத்து மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். நிலவியல் முதுகலை படிக்கும் பெண் கல்லைப் பற்றி எழுதித் தருவாள் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். எனக்கும் அது விருப்பந்தான். ஆனால், சென்ற செப்டம்பர் முதல் என் நெஞ்சில் கல்லைவிடக் கனமாகக் கிடப்பது ஓர் இரும்புச் சாமான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். வண்டி பழுதுபார்ப்பது மலருக்கு ஏற்ற பொருளா என்று ஐயுறும் நண்பர்கள் அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போய்விடலாம், நான் வருந்தமாட்டேன்.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் வந்து கூடுகிற உருண்டைக் கட்டையை நம் ஊர்த் தச்சர்கள் குடம் என்பார்கள். ஜீப்பின் சக்கரத்துக்கும் குடம் உண்டு. ஹப் என்பது அதைத்தான். நான் சொல்ல வந்தது, பூட்டவும் திறக்கவும் கூடிய குடம்.

ஜீப் போருக்காகப் பிறந்த வண்டி. பின்சக்கரம் இரண்டு மட்டும் தள்ளுவது போதாத இடத்தில், ஓட்டுநர் ஒரு கோலைத் தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மிஞ்சிய ஜீப்புகள் அமெரிக்காவில் நாட்டு மக்கள் கைக்கு வந்தன. நல்ல சாலையில் ஓடும்போது முன்சக்கரம் இழுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது உருளுகையில் உள்ளிருக்கும் அச்சுத்தண்டு, பல்சக்கரங்கள், முன்னோக்கிச் செல்லும் நீண்ட தண்டு அத்தனையும் வீணே சுழன்றன. எரிபொருள் வீண், தேய்மானம் வீண், இரைச்சல் வேறு. ஆர்தர் வார்ன் என்பவர் 1948-ஆம் ஆண்டில் அதற்கு ஒரு வழி செய்து விற்கத் தொடங்கினார். சக்கரக் குடத்தின் முகத்தில் ஒரு சிறு திருகு. ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் தண்டைவிட்டுப் பிரிந்து தனியே உருளும். மறுபக்கம் திருப்பினால் தண்டோடு பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால், திருப்புவதற்கு யாராவது வண்டியைவிட்டு இறங்க வேண்டும். சேறானாலும் இறங்க வேண்டும்.

அப்படி இறங்குகிற வேலையை நான் ஏழு வயதில் கற்றுக்கொண்டேன். என் தந்தையார் ஜீப் ஓட்டுநர். போடியிலிருந்து விடியுமுன் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருகிற வண்டி. அதற்கு முன்னால் ஒரு தோட்டத்து ஜீப்பைப் பத்து ஆண்டுகள் ஓட்டினார். பள்ளி விடுமுறையில் என்னையும் அழைத்துப் போவார். தார்ச்சாலை முடிந்து தோட்டத்துப் பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, “தாயி, எறங்கிப் பூட்டு” என்பார். நான் குதித்து இறங்கி இரு பக்கமும் திருகிவிட்டு வருவேன். நாட்டையே நான் நடத்துவதுபோல் எண்ணம்!

இந்த வடநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம் இருந்தது. ‘போக்குவரத்து’ என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால், அதைப் பார்த்த தோழி ஒருத்தி என் தந்தைக்கு லாரிகள் பல இருப்பதாக எண்ணிக்கொண்டாள். நான் அந்த எண்ணத்தைக் கலைக்கவில்லை. நம் மன்றத்து நண்பர்களிலும் சிலர் உண்மையை இந்தப் பக்கத்தில்தான் முதன்முதலாக அறிவார்கள்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

டேராடூனுக்குத் தெற்கே, சிவாலிக் குன்றுகளின் அடியில் மோகண்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அருகே ஓடுகிற மோகண்ட் ராவ் நிலவியல் மாணவருக்கு ஒரு திறந்த புத்தகம். ராவ் என்றால் அங்கே காட்டாறு. ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரே இராது. கூழாங்கல்லும் மணலுமாகக் கிடக்கும். இரு கரையிலும் சிவாலிக் பாறை அடுக்குகள் சாய்ந்து நிற்கும். மணற்கல் மேலே மேலே போகப்போகக் கூழாங்கற்பாறையாக மாறுவதைக் கால்நடையாகவே படித்துக்கொண்டு போகலாம். ஆனால், மலையில் மழை பெய்தால் அரை மணியில் அது ஆறாகிவிடும். நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம், அதை நம்பக்கூடாது.

செப்டம்பர் இறுதியில் நாங்கள் நால்வர் போனோம். வாடகைக்கு அமர்த்தியது ஒரு முதிய கடுவாலி ஓட்டுநரின் சொந்த ஜீப். வில்லிஸ் ஜீப்பை 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் இந்நாட்டில் கொண்டுவந்து ஒன்றுசேர்க்கத் தொடங்கினார்கள் அல்லவா? அந்த வழிவந்த பழைய வண்டிகளில் ஒன்று. ஓட்டுநரை எல்லோரும் உஸ்தாத் என்றே அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். என்னை அவர் ‘பிட்டியா’ என்பார். நம்மூரில் ‘மகளே’ என்பதுபோல.

முதல் நாள் வண்டியைப் பார்த்ததுமே முன்சக்கரத்துத் திருகுகளைக் கண்டுகொண்டேன். எங்கள் குழுவில் வேறு எவருக்கும் அவை இன்னவென்று தெரியாது. ராவின் கரையில் உஸ்தாத் இறங்கப்போனபோது, “நீங்கள் இருங்கள், நான் பூட்டுகிறேன்” என்று குதித்தேன். தோழியர் வியந்தனர். “உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் ஒருத்தி. “தெரியும்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மூன்று நாளும் அந்த வேலை என்னுடையதாயிற்று.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணி இருக்கும். மலைமுகட்டில் கருமேகம். உஸ்தாத் போகலாம் என்று விரைவுபடுத்தினார். நான் இறங்கி இடப்பக்கத்துத் திருகைத் திருப்பினேன், நன்றாக விழுந்தது. ஓடி வலப்பக்கம் வந்தேன். அது முதல் நாளிலிருந்தே சற்று இறுக்கம். முக்கால் பங்கு திரும்பி நின்றுவிட்டது. இன்னும் அழுத்தியிருக்க வேண்டும். வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லியிருக்க வேண்டும். என் காலடியில் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. வண்டிக்குள்ளிருந்து எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஆயிற்று, உஸ்தாத்!” என்று கூவிவிட்டு ஏறிக்கொண்டேன்.

ராவைக் கடந்து எதிர்க்கரையில் ஏறும் இடத்தில் பின்சக்கரங்கள் கூழாங்கல்லைத் தோண்டிக்கொண்டு புதைந்தன. உஸ்தாத் முன்சக்கரத்துக்கான கோலைத் தள்ளினார். எந்திரம் முழங்கியது, வண்டி அசையவில்லை. நாங்கள் இறங்கித் தள்ளினோம். அப்போது கண்டேன்: பின்சக்கரம் சுழல்கிறது, முன்சக்கரம் இரண்டும் பேசாமல் நிற்கின்றன.

இரண்டும் ஏன் நின்றன என்று கேட்பீர்கள். இடப்பக்கம் பூட்டித்தானே இருந்தது, அதுவாவது இழுக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் பல்சக்கரக் கூட்டின் குணம் வருகிறது. டிபரன்ஷியல் என்னும் அக்கூடு ஒரு தராசு மாதிரி. இரு பக்கத்துத் தண்டுக்கும் எப்போதும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கத்துத் தண்டு சக்கரத்தோடு பூட்டாமல் வெறுமனே சுழலுமானால் அதைச் சுழற்ற விசையே வேண்டாம். அந்தப் பக்கம் சுழியமென்றால் மறுபக்கமும் சுழியந்தான். ஒரு குடம் பூட்டாவிட்டால் இரண்டும் பூட்டாததற்குச் சமம். இதை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன், மதிப்பெண்ணும் வாங்குவேன். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

உஸ்தாத்துக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழாய்ப் பிடியை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் குனிந்தார். தண்ணீர் அவர் முழங்காலைத் தாண்டியிருந்தது. பலங்கொண்டமட்டும் திருகினார். பிடி நழுவிற்று, அவருடைய வலக்கை சக்கர விளிம்புக்கும் பிடிக்கும் நடுவே அகப்பட்டது. அவர் கத்தவில்லை. மறுபடியும் திருகினார், பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். முன்சக்கரங்கள் பற்றிக்கொண்டன. டக், டக், டக் என்று மூன்று நான்கு அடி. வண்டியின் முன்பாதி கரையேறியது. பிறகு ஓர் ஓசை. வலப்பக்கத்துக் குடத்துக்குள் பற்கள் முறிந்தன. மணல் ஏற்றப் போயிருந்த டிராக்டர் ஒன்று மறுநாட்காலையில் வந்து இழுத்துவிடும்வரை ஜீப் அங்கேயே கிடந்தது. வெள்ளம் இருக்கைக்குக் கீழேயே நின்றுவிட்டது. என் நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும்.

உஸ்தாத்தின் ஆட்காட்டி விரல் நகம் பெயர்ந்து, நடுவிரல் வீங்கிவிட்டது. ஒன்பது நாள் வண்டி ஓட்ட முடியவில்லை. தசராச் சுற்றுலாக் காலம் தொடங்குகிற நேரம். சக்ராத்தாவுக்குப் போகவர ஜீப்புக்கு ஆள் தேடி வரும் நாட்கள். விரல் ஆறினாலும் வண்டிக்கு முன்குடம் இல்லை.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. “கிழட்டு வண்டி” என்றார்கள் நண்பர்கள். “அதற்குக் காலம் வந்துவிட்டது” என்றார் உஸ்தாத்தும். நானும் இரண்டு நாள் வாய்திறக்கவில்லை. எளிதாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் இரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது, செய்தி போலத் தந்தையாரிடம் சொன்னேன். ஹப் உடைந்தது என்று மட்டுமே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டார்:

“தாயி, நீ திருப்புனியா, பூட்டுனியா?”

நான் விடை சொல்லவில்லை. “திருப்புறது வேற, பூட்டுறது வேற. அந்த மனுசன் கை எப்படி இருக்கு?” என்றார்.

அடுத்த சனிக்கிழமை டேராடூனுக்குப் போய் உஸ்தாத்தைக் கண்டேன். அரைகுறை இந்தியில், வழிநெடுக மனப்பாடம் செய்த சொற்களில், என் தவறு என்று சொன்னேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். “குழாய்ப் பிடியை வைத்தபோதே தெரியும், பிட்டியா. திருகு முக்காலில் நின்றது” என்றார். தெரிந்தும் அவர் எவரிடமும் சொல்லவில்லை. கிழட்டு வண்டி என்று தம் வண்டியின் தலையில் பழியைப் போட்டுக்கொண்டார்! அந்தத் தேநீரை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

புதுக் குடம் நான் வாங்கித் தருகிறேன் என்றேன், மறுத்தார். பிறகு, வேலையை நானே செய்வதானால் சரி என்று ஒப்புக்கொண்டார். விரல் கட்டோடு அவரால் ஸ்பானர் பிடிக்க முடியாது.

எனக்கோ இருப்பதிலேயே விலையுயர்ந்ததை வாங்கிவிட வேண்டுமென்ற துடிப்பு. குற்றவாளிக்குக் கடையில் பேரம் பேச வராது. என்னென்ன வகை உண்டென்று படித்துத் தள்ளினேன். தானே பூட்டிக்கொள்ளும் குடங்கள் இருக்கின்றன: ஓட்டுநர் இறங்க வேண்டியதில்லை, தண்டு சுழலத் தொடங்கியதும் உள்ளே பற்றிக்கொள்ளும். இதுவே வேண்டுமென்று நினைத்தேன். என்னைப் போன்றவர்களை நம்ப வேண்டாமே! உஸ்தாத் தலையசைத்தார். சில வகைகள் முன்னும் பின்னும் மாறிமாறி ஓட்டும்போது பிடியை விட்டுவிட்டு மறுபடி பற்றும்; புதைந்த வண்டியை ஆட்டியாட்டி எடுக்கிறவனுக்கு அது தொல்லை. பூட்டியிருக்கிறதா இல்லையா என்று வெளியே பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. இன்னொரு வழி, திருகே இல்லாத தட்டையான இரும்பு மூடி. சக்கரமும் தண்டும் என்றும் பிரியாது. போர்க்கால ஜீப்பில் இருந்தது அதுதான். பூட்ட மறக்க முடியாது. ஆனால் பழைய வீண் சுழற்சி திரும்பவும் வந்துவிடும். டீசல் விலைக்கு அது கட்டுபடியாகாது என்றார் அவர்.

சரி, கையால் திருப்புவதே இருக்கட்டும், ஆனால் உடையவே உடையாத வகை வாங்குவோம் என்றேன். அதற்கு அவர் சொன்ன விடை எந்த நூலிலும் படிக்கும் தகுதியுடையது. “எல்லாவற்றையும் உடையாததாகச் செய்தால், உடைய வேண்டிய நாளில் உள்ளே தண்டு உடையும். குடம் உடைந்தால் வழியிலேயே அரை மணியில் கழற்றிவிடலாம். தண்டு உடைந்தால் மாடு கட்டித்தான் இழுக்க வேண்டும்.” மின்சாரத்தில் உருகுகம்பி வைப்பதில்லையா? அதே தத்துவம். மலையேற்ற வண்டிக்காரர்கள் பலரும் இவ்வாறே கருதுகிறார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

தில்லி கஷ்மீரி கேட்டில் பேருந்து நிலையமும் உதிரிப்பாகச் சந்தையும் அருகருகே இருப்பது என்போன்றோர்க்குப் பெரிய வசதி. முறிந்த குடத்தைத் துணிப்பையில் சுமந்துகொண்டு போய் இறங்கினேன். கடைக்காரர் முதலில் கேட்டது தண்டின் முனையில் எத்தனை வரிப்பற்கள் என்பதுதான். பத்து என்றேன், எண்ணிவைத்திருந்தேன். பழைய ஜீப் வகைகளில் பத்து இருக்கும். பின்னாளில் வந்தவற்றில் இருபத்தேழு உள்ளதும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. மலிவான ஒன்றைக் காட்டினார். கையில் எடுத்தால் பொம்மைபோல் இலேசாக இருந்தது, வார்ப்பு உலோகம். அதை வைத்துவிட்டு எஃகுப் பற்கள் கொண்ட ஒரு சோடியை வாங்கினேன். ஒன்று போதுமே என்பீர்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் கிழடு என்பது தராசுக்கு ஆகாது. கூடவே தட்டை மூடி ஒன்று, வழியில் குடம் உடைந்தால் மாட்ட. இரண்டு மாத உதவித்தொகையும், தீபாவளிக்கு ஊர்போகச் சேர்த்ததும் அங்கேயே தீர்ந்தன. பயணச்சீட்டைத் திருப்பிக்கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு வருத்தந்தான்; தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே என் தீபாவளி டேராடூனில், உஸ்தாத் வீட்டு முற்றத்தில், ஜாக்கி கொடுத்துத் தூக்கிய ஜீப்பின் அருகே கழிந்தது. அவர் ஒரு முக்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். முகமூடியைக் கழற்றினால் தண்டின் முனையில் ஒரு வில்வளையம். அதை விரித்து எடுத்தபின் ஆறு போல்ட்டுகள். பிறகு குடம் கையோடு வருகிறது. உள்ளே பார்த்ததும் எல்லாம் விளங்கிற்று. கிரீஸ் கிரீஸாக இல்லை. தண்ணீர் புகுந்து, மணலோடு குழைந்து, சவர்க்காரக் கட்டியைப்போல் இறுகியிருந்தது. பூட்டும் வளையம் அதற்குள் எப்படி நகரும்? பாதி நுழைந்த பற்களின் விளிம்பிலேயே முழுப் பாரமும் விழுந்திருக்கிறது. விளிம்புகள் சோளப்பொரிபோல் உதிர்ந்து கிடந்தன.

தண்ணீர் அதற்குள் போயிருந்தால் பேரிங்குக்கும் போயிருக்கும் என்று அதையும் கழற்றச் சொன்னார். மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் உள்ளங்கையில் வைத்துப் பேரிங்கின் உருளைகளுக்கிடையே அழுத்தி ஏற்றினேன். பேரிங்கைப் பிடிக்கும் மரையைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு சிறிதே தளர்த்த வேண்டும். அந்தச் ‘சிறிது’ எவ்வளவு என்று அவர் சொல்லால் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையை நீட்டிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்”, “போதும்” என்றார். ஆனால், புதுக் குடத்துக்குள் அதே கெட்டிக் கிரீஸை நான் அள்ளி வைக்கப்போனபோது அதட்டினார். உள்ளே மெல்லிய பூச்சுப் போதும். நிறைய அடைத்தால் குளிர்காலத்தில் அதுவே இறுகி வளையத்தைத் தடுக்கும். அன்புமிகுதியால் கெடுப்பது என்பது இதுதான் போலும். புதுப் பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றிமாற்றி இறுக்கினேன்.

நடுவே அவர் மனைவியார் ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்தார். அர்சா என்றார். கிரீஸ் கையோடு வாயில் வைத்தால், அடடா, நம் அதிரசம்! அரிசிமாவும் வெல்லமும் எண்ணெயில் வெந்த அதே சுவை. இமயமலை அடிவாரத்துக்கு அதிரசம் எப்படி வந்தது, அல்லது போடிக்கு அர்சா எப்படிப் போனது என்று ஆராய வேண்டியவர்கள் வரலாற்றுத் துறையார். நான் மூன்று தின்றேன்.

பிறகு சோதனை. தூக்கி நிற்கும் சக்கரத்தின் திருகைத் திறந்துவைத்துக் கையால் சுழற்றினால், சக்கரம் மட்டும் ஓசையின்றி ஓட வேண்டும். பூட்டிவைத்துச் சுழற்றினால் உள்ளே தண்டும் சேர்ந்து சுழல வேண்டும். கீழே குனிந்து பார்த்தால் தெரியும். உஸ்தாத் என்னைத் திருகச் சொல்லி, “ஆயிற்றா?” என்றார். “ஆயிற்று” என்றேன். “பார்த்தாயா?” என்றார். குனிந்து பார்த்தேன். பார்த்தபின் மறுபடி சொன்னேன். இடப்பக்கத்துக்கும் அவ்வாறே. அதன் பழைய குடத்தைக் கழற்றியபோது உள்ளே அதே இறுகிய கிரீஸ். இன்னும் ஒரு மாதத்தில் அதுவும் நின்றிருக்கும்.

அன்றிரவு தந்தையாருக்குக் கிரீஸ் படிந்த என் கையையும் புதுக் குடத்தையும் படமெடுத்து அனுப்பினேன். “போல்ட்டை நூறு கிலோமீட்டர் ஓடுனப்புறம் ஒருக்கா இறுக்கிப் பாக்கச் சொல்லு” என்று பதில் வந்தது. உஸ்தாத்திடம் சொன்னேன். அது யார் சொன்னது என்று கேட்டார். என் தந்தை சொன்னார், அவரும் ஜீப் ஓட்டுகிறவர்தான் என்றேன். அந்தச் சொற்களை இவ்வூர் வந்த இரண்டு ஆண்டில் முதன்முதலாகச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய், மீதியிருந்த அர்சாக்களை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்தார். ஊருக்கு அனுப்பச் சொன்னார்.

நவம்பரில் மிச்ச அளவீடுகளுக்காக அதே ராவுக்குப் போனோம். தண்ணீர் இல்லை. கரையில் நிறுத்தியதும் தோழியொருத்தி தானும் திருகிப் பார்க்க ஆசைப்பட்டு இறங்கினாள். இடப்பக்கத்தை அவளுக்குக் கொடுத்தேன். வலப்பக்கத்தை நானே பார்த்துக்கொண்டேன்.